சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்

1

பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் ஒரு லாரியைத் திட்டினார். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

லாரி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நல்ல நீளம், மேலே பச்சைத் தார்ப்பாய். அதற்கு முன்னால் ஒரு காவல் ஜீப், பின்னால் ஒரு தீயணைப்பு வண்டி. மூன்றும் ஊர்ந்தன. எங்களை முந்திப்போகவும் விடவில்லை.

"நடந்தே போயிருந்தா இந்நேரம் வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பேன். உள்ள என்ன, முட்டையா வச்சிருக்கான்?" என்றார் முன் இருக்கைக்காரர்.

"முட்டை இல்ல சார், ஏவுகணை" என்றார் நடத்துநர், சில்லறை எண்ணுகிற குரலில்.

திட்டியவர் அதற்குப் பிறகு இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு மட்டும் அந்த லாரியை ஓட்டுகிறவரின் நினைப்பாகவே இருந்தது. இத்தனை பேரின் திட்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

(இந்தக் கதையை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம். பார்க்காமலே போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.)

ஏவுகணை என்றதும் காதைப் பொத்திக்கொண்ட வாசகர்கள் கையை எடுத்துவிடலாம். இதில் எதுவும் வெடிக்காது, வாக்குக் கொடுக்கிறேன். ஏவுகணை பறக்கிற சில நிமிடத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். அதற்கு முன்னால் அது பெட்டிக்குள் பதினைந்து வருடம் சும்மா படுத்துக் கிடக்கிறது. பலதும் பறக்காமலே வயதாகி ஓய்வு பெற்றுவிடுகின்றன. எல்லாமே அப்படி ஓய்வு பெறட்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அதுவரைக்கும் அதைத் தூக்கவும் இறக்கவும் துடைக்கவும் யாராவது வேண்டுமே. என் கதை அவர்களைப் பற்றியது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கருமேகங்கள் திரண்டிருந்த அந்தக் காலையில், மரணத்தைச் சுமந்தபடி அந்த வாகனம் மெல்ல"

என் அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் அவள்தான். "யாருடா செத்தா?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: "ஏவுகணைகள் பொதுவாகக் காற்றுப் புகாத பெட்டிகளில் அடைக்கப்பட்டு, தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட"

"பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அதையும் அடித்தாயிற்று.

மூன்றாவது: "ஸ்டோரம்மா எதையும் நகத்தால் சுண்டிவிட்டுத்தான் பார்ப்பாள்."

அக்கா ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டிவிட்டாள் என்று அர்த்தம்.

3

ஸ்டோரம்மா எதையும் நகத்தால் சுண்டிவிட்டுத்தான் பார்ப்பாள். ஏவுகணைக் கிடங்கு ஒன்றின் ஸ்டோர் கீப்பர் அவள். அந்தப் பதவியோடு 'அம்மா'வைச் சேர்த்தது சுமை இறக்குகிறவர்கள்.

கிடங்கு என்றால் மண்ணைக் குவித்து மூடிய நீளமான கான்கிரீட் அறை. வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடு, உச்சியில் இடிதாங்கி, அவ்வளவுதான். உள்ளே பதினாறு பச்சைப் பெட்டிகள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரக்கட்டைகள்மேல், எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கும். அந்தப் பக்கம் வெறும் மண்சுவர்தான், ஆள் நடமாட்டம் கிடையாது. ஏதாவது ஏடாகூடமாகப் புறப்பட்டாலும் மண்ணில் போய் முட்டிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

ஈரம் ஏவுகணைக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் உலர்ந்த வாயுவை அடைத்து மூடியிருப்பார்கள். வாயு குறையாமல் இருக்கிறதா என்று காட்ட ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு முள்மானி. அந்த முள்ளிடம் ஒரு கெட்ட பழக்கம், நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால்தான் திடுக்கிட்டு எழுந்து உண்மையைச் சொல்லும். காலையில் பதினாறு சுண்டு, மாலையில் பதினாறு சுண்டு. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்த விரல் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? கடிகாரத்தைச் சுண்டித்தான் மணி பார்ப்பாள். எடை பார்க்கும் இயந்திரத்தைச் சுண்டித்தான் ஏறுவாள். ஒரு தடவை மகளின் மதிப்பெண் பட்டியலையும் சுண்டிப் பார்த்தாள். மதிப்பெண் ஏறவில்லை.

கிடங்குக்குள் நுழையும்போது வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்கு. தீப்பெட்டி, கைபேசி எல்லாம் வெளியே. நைலான் கூடாது, பருத்தி மட்டும்தான். "இது சுத்தப் பருத்திதானே?" என்று துணிக்கடையில் அவள் நாலு தடவை கேட்பதைப் பார்த்து, அவளுக்குத் தோல் வியாதி என்று கடைக்காரர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

(இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஓய்வு பெற்ற ஒரு கிடங்குக்காரர். "எல்லாத்தையும் அப்படியே எழுதிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அதனால் இரண்டு விவரங்களை வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறேன். எந்த இரண்டு என்று துருவாதீர்கள்.)

4

இந்தக் கதையை முதலில் எழுதியபோது லாரி ஓட்டுநர் அவளுக்கு யாரோ ஒரு மூன்றாம் மனிதர். இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். கதை உப்புச்சப்பில்லாமல் இருந்தது. இரண்டாம் தடவை எழுதியபோது அவரை அவளுடைய வீட்டுக்காரராக்கிவிட்டேன்.

ஓய்வு பெற்ற கிடங்குக்காரர் சிரித்தார். "புருஷன் கொண்டாந்து பொண்டாட்டிகிட்டயே ஒப்படைக்கிறதா? விடுவாங்களா?"

"விடக்கூடாதுன்னு விதி இருக்கா?"

விதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இல்ல. யாருக்கும் தோணலைன்னு நினைக்கிறேன்."

விதி இல்லாத இடத்தில் கதை புகுந்துவிடலாம். புகுந்துவிட்டேன்.

ஓட்டுநருக்கு வைத்த பெயர் தொட்டில். அவர் ஓட்டினால் பெட்டி தூங்கிவிடும் என்பார்கள். ஆலையிலிருந்து கிடங்குக்கு வருகிற வழியில் நாற்பத்தொரு வேகத்தடைகள். எது வழுக்கல், எது முரடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்தக் காரையும் அப்படித்தான் ஓட்டுவார். "அப்பா, நான் இறங்கி நடக்கறேன், நீங்க பின்னாலயே வாங்க" என்று மகள் ஒரு நாள் நிஜமாகவே இறங்கிப் போய், அவருக்கு முன்னால் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள்.

வளாகத்தின் கதவைத் தாண்டிவிட்டால் அவருக்கு இவள் மேடம், இவளுக்கு அவர் டிரைவர். காலையில் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மனிதர், பத்து மணிக்கு வந்து, "வணக்கம் மேடம், ஒரு பெட்டி, வழியில தடங்கல் எதுவும் இல்ல" என்று விறைப்பாக நிற்பார்.

இப்போது குழாய். இந்தக் கதையின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு பெட்டியின் இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் ஒட்டியிருக்கும். வெள்ளையாக இருக்கும். பெட்டி எங்கேயாவது அளவுக்கு மீறி அதிர்ந்தால் சட்டென்று சிவந்துவிடும். சிவந்தது சிவந்ததுதான், மறுபடி வெளுக்காது. அப்படிச் சிவந்த பெட்டியை ஆலைக்குத் திருப்பி அனுப்பி, உள்ளே படம் பிடித்துப் பார்ப்பார்கள். பதில் வர ஒரு வருடமாகும். அதுவரை ஓட்டியவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். தொட்டிலின் கையில் பத்தொன்பது வருடமாக ஒரு குழாயும் சிவந்ததில்லை. அவருக்கு வேறு பெருமையே கிடையாது, அது போதும் என்றும் இருந்தார்.

இன்னொன்று. பயிற்சிக்கென்று மண் நிரப்பிய பெட்டிகளும் வரும். அதே பச்சை, அதே எடை, அதே குழாய். எது நிஜம், எது மண் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மண்ணை மண் மாதிரிதானே ஓட்டுவார்? ஸ்டோரம்மாவுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது.

"இன்னிக்கு நான் கொண்டாந்தது நிஜமா, மண்ணா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பார்.

"கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்பாள்.

பத்தொன்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில். இருவருக்கும் அலுக்கவில்லை.

5

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். இறக்கும் மேடையில் லாரி பின்வாங்கி நின்றது. குழாயைப் பார்க்கும்போது இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆள் மேற்பார்வை அதிகாரி. எதைக் கொடுத்தாலும் முத்திரை குத்தித்தான் திருப்பிக் கொடுப்பார் என்பதால் அவருக்கு முத்திரை சார் என்றே பெயர். அவர் வாசலில் கைபேசியை ஒப்படைத்துவிட்டு, செம்புத் தகட்டை ஒரு தடவை தொட்டு, தொட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை தொட்டுக்கொண்டிருந்தார்.

தொட்டில் பின்பக்கம் சங்கிலியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு.

ஸ்டோரம்மா முத்திரை சாருக்காகக் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. பின்முனைக் குழாயைக் குனிந்து பார்த்தாள், வெள்ளை. முன்முனைக்கு வந்தாள். அதுவும் வெள்ளை. கண் பார்த்துவிட்டது. கண்ணோடு போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. கையும் போனது.

டிக்.

குழாய் சிவந்தது.

முள்மானிதான் என்று நினைத்துக்கொண்டது விரல். முள்மானியைச் சுண்டினால் உண்மை வரும். அதிர்ச்சிக் குழாயைச் சுண்டினால் அதற்கென்ன தெரியும், அதன் வேலையை அது செய்துவிட்டது. நாற்பத்தொரு வேகத்தடை செய்யாததை ஒரு நகம் செய்துவிட்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"மேடம், பின்னால வெள்ளைதானே?" சங்கிலிப் பக்கமிருந்து தொட்டிலின் குரல்.

"வெள்ளை."

"முன்னால?"

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நான் தேநீர் போடப் போனேன். இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தேன்.

6

எழுதிப் பார்த்த முடிவுகளைக் கீழே வைக்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

முடிவு ஒன்று. அவள் பதிவேட்டில் 'முன்முனை சிவப்பு' என்று எழுதுகிறாள். முத்திரை சார் குத்துகிறார். தொட்டில் வண்டிச் சாவியை மேசைமேல் வைக்கிறார். அதன்பிறகு தினமும் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நாற்பத்தொரு வேகத்தடையையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் ஏறி இறங்குகிறார், எதில் தவறினோம் என்று. அவள் எதிரில் உட்கார்ந்து

இதற்குமேல் எழுத என் கை வரவில்லை.

முடிவு இரண்டு. அவள் முத்திரை சாரிடம், "இது மண் பெட்டி சார்" என்று சொல்லிவிடுகிறாள். மண் பெட்டி என்றால் புதுக் குழாய் ஒட்டிவிட்டு மேலே போகலாம், யாருக்கும் பாதகமில்லை. ஆனால் தொட்டில் காதில் விழுகிறது. அன்று வீட்டுக்கு வந்தவர் எதுவும் கேட்காமல் தானாகவே கை கழுவப் போகிறார். இதன் ஓரத்தில் அக்கா எழுதியிருந்தாள்: "அந்தக் கேள்வியும் போயிட்டா அவங்க வீட்டுல பேச என்னடா மிச்சம்?" நியாயம்தான்.

(அது நிஜமாகவே மண் பெட்டிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் ஸ்டோரம்மாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கை கழுவிவிட்டு வரச் சொன்னாள்.)

முடிவு மூன்று. அவள் உண்மையைச் சொல்கிறாள். கிடங்குச் சாவி அவள் கையை விட்டுப் போகும், இருபத்திரண்டு வருட நல்ல பெயர் போகும், அவர் வண்டியில் இருப்பார். இதை ஏழு தடவை எழுத உட்கார்ந்தேன். ஏழு தடவையும் அவள் வாயைத் திறக்கும் நேரத்தில் ஏதாவது நடந்துவிடுகிறது. மூன்று தடவை மின்சாரத்தை நிறுத்தினேன். இரண்டு தடவை மழை. ஒரு தடவை முத்திரை சாருக்குத் தும்மல். கடைசித் தடவை அவளே என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

7

அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டுக் காகிதங்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். நகத்தால சுண்டினாலே அது சிவந்துடும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கிடங்குக்காரர் சொன்னார்."

"அப்படி ஒண்ணை அவர் கேள்விப்பட்டதே இல்லைன்னு நேத்து நீதானே சொன்னே?"

"கற்பனைதான்க்கா. எழுத்தாளன் இல்லையா."

"சுண்டினா 'டிக்'னு சத்தம் வரும்னு எழுதியிருக்கே. அதுவும் கற்பனையா?"

அவள் என்னை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், என் முகத்தில் எது எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சரி. முதல் பகுதியில் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடினேனே, அந்த இன்னொரு காரணத்தை இப்போது திறக்கிறேன். பேருந்தும் லாரியும் பொய்யில்லை. ஆனால் அவை மேலே போர்த்திய தார்ப்பாய்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அக்காவின் நிலையத்துக்கு ரத்தம் பரிசோதிக்கிற இயந்திரம் ஒன்று பெட்டியில் வந்தது. அவள் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். கொண்டுவந்த ஓட்டுநர் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, வாசல் மேட்டில் ஏற்றும்போது ஒரு குழந்தையைத் தாங்குவது போலத் தாங்கி ஏற்றினார். "விடியற்காலையிலேருந்து இப்படித்தான் வர்றேன் தம்பி" என்று சிரித்துவிட்டு, அக்காவைக் கூப்பிட உள்ளே போனார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருந்தது. சிவந்தால் வாங்காதீர்கள் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எவ்வளவு அதிர்ந்தால் சிவக்கும் என்று பார்க்க ஆசை. சுண்டினேன். டிக்.

அக்கா வந்து பார்த்தாள், பெட்டியை எடுக்க மாட்டேன் என்றாள். அவள் வேலை அது. அவர் குனிந்து அந்தக் குழாயையே பார்த்தார். "எந்தப் பள்ளத்துலன்னு தெரியலையே" என்றார். நான் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவருடைய அந்த ஒரு வரி மூன்று மாதமாக என்னோடுதான் சாப்பிடுகிறது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தத் தடவை அது பாராட்டு இல்லை.

"அவரை வண்டியிலேருந்து இறக்கிட்டாங்க, தெரியுமா? இப்ப வேற ஒருத்தர்தான் கொண்டாந்து தர்றார். அந்த மனுஷன் அவங்க குடோன்ல மூட்டை அடுக்கறாராம்."

"தெரியாது."

"தெரிஞ்சுக்கப் பயம்."

"ஆமா."

சுருட்டிய கதையால் என் தலையில் ஒரு போடு போட்டாள். என் எழுத்து ஒருவரை அவ்வளவு நேரடியாகத் தாக்கியது அதுதான் முதல் தடவை. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு போன் பண்றதுக்கு ஏவுகணை வரைக்கும் போய்ச் சுத்திட்டு வந்தியாடா?"

பழைய ரசீதைத் தேடி எடுத்து, அதிலிருந்த அந்த ஓட்டுநரின் எண்ணை என் கதையின் கடைசிப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தாள். முடிவுக்காக நான் காலியாக விட்டிருந்த இடத்தில்.

8

ஆகவே கிடங்குக்குத் திரும்புவோம். அவர்கள் எனக்காக இத்தனை நாள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

முத்திரை சார் செம்புத் தகட்டை மூன்றாம் தடவையும் தொட்டுவிட்டு மேடைக்கு வந்துவிட்டார். தொட்டில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முன்பக்கம் வருகிறார். இன்னும் நாலு அடி வைத்தால் குழாய் அவர் கண்ணில் படும். மின்சாரம் இருக்கிறது. மழை இல்லை. யாருக்கும் தும்மல் வரவில்லை.

"மேடம், முன்னால என்ன நிறம்னு சொல்லவே இல்லையே?"

ஸ்டோரம்மா குழாயை உடம்பால் மறைக்காமல் ஒதுங்கி நின்றாள்.

"ஏங்க" என்றாள்.

வளாகத்துக்குள் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. முத்திரை சார் நிமிர்ந்து பார்த்தார். தொட்டில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"___________________________" என்றாள்.

கோடு போட்ட இடத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குச் சொல்ல என்னுடைய வாக்கியம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளுடையதை எழுத எனக்கு வாயில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை விரலால் தட்டிக் காட்டுகிறாள். எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது.

"ஹலோ, யாரு?"

"அண்ணே, மூணு மாசத்துக்கு முன்னால ரத்தப் பரிசோதனை நிலையத்துல ஒரு பெட்டி சிவந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் அங்க டப்பாவோட நின்னவன்."

"இருக்கு தம்பி. சொல்லுங்க."

"அது பள்ளம் இல்லண்ணே. நான்தான் நகத்தால சுண்டினேன். உங்க ஆபீசுக்கு வந்து எழுதியே கொடுத்துடறேன்."

எதிர்முனையில் மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"பள்ளம் இல்லையா?"

"இல்லண்ணே."

"ஒரு இடத்துலயும் இல்லையா?"

"இல்லண்ணே."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அதன் பின்னாலேயே, நம்ப மாட்டீர்கள், சிரிப்பு.

"அப்ப நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார்.